கடல் கடந்த கல்வியும் வளாக வாழ்வும்: மலாயாத் தமிழ் மாணவர் வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளிலும் உயர்கல்வியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வெளிநாட்டுக் கல்வி என்னும் பொருள் தவறாது இடம்பெறுகின்றது. மாணவர் பரிமாற்றத் திட்டங்கள், விடுமுறைக்காலப் பயிலரங்குகள், கல்வி உதவிநிதிகள், மாநாட்டுப் பயணங்கள் என இன்றைய மாணவர்க்கு வாய்ப்புகள் பலவாகத் தோன்றுகின்றன. எனினும், தமிழையோ இந்திய ஆய்வியலையோ முதன்மைப் பாடமாகப் பயிலும் மாணவருள் பலர், இவ்வாய்ப்புகள் மருத்துவம், பொறியியல், வணிகம் பயில்வோர்க்கே உரியன என்று கருதி ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய கல்வி நெடுந்தொலைவு செல்லாது என்னும் எண்ணம் பெற்றோரிடையேயும் நிலவுகின்றது. இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது, அதற்கு வரலாற்று அடிப்படை உண்டா என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

மலாயாவிலிருந்து மாணவர்கள் கடல் கடந்து கல்வி கற்கச் சென்ற வரலாற்றையும், பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்த தமிழ்சார்ந்த நடவடிக்கைகளின் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாறு நோக்குவதன்வழி இரண்டு கருத்துகளை நிறுவ முயல்கிறோம். முதலாவது, தமிழ்வழிக் கல்வி பெற்றோர் வெளிநாட்டுக் கல்வியிலிருந்து விலகி நின்றமைக்குக் காரணமாக அமைந்தவை அக்காலப் பள்ளி அமைப்பும் தேர்வு முறையுமே ஆகும்; அவர்தம் தாய்மொழியை அதற்குக் காரணமாக்குதல் பொருந்தாது. இரண்டாவது, வெளியே சென்று கற்பதும் வளாகத்தில் கூடி இயங்குவதும் ஒன்றையொன்று சார்ந்தவை. வெளியே கற்றவரின் கல்வி, வளாக நிகழ்வுகளின் வாயிலாகவே சமூகத்தை வந்தடைந்துள்ளது.

அரசியார் உபகாரச் சம்பளமும் ஆங்கிலப்பள்ளியும்

மலாயாவிலிருந்து உயர்கல்விக்காக மாணவர்களை அரசுச் செலவில் இங்கிலாந்துக்கு அனுப்பும் முறை, நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் 1885-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அரசியார் உபகாரச் சம்பளத் திட்டத்தோடு தொடங்குகின்றது. சர் செசில் கிளமெண்டி ஸ்மித் இதனைத் தொடங்கி வைத்தவராகக் குறிப்பிடப்படுகின்றார். ஆண்டுதோறும் மிகச் சிலரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1887-ஆம் ஆண்டு இதனைப் பெற்று எடின்பரோவில் மருத்துவம் பயின்ற லிம் பூன் கெங், அடுத்த ஆண்டு இதனைப் பெற்றுச் சட்டம் பயின்ற சோங் ஓங் சியாங், 1896-ஆம் ஆண்டு பினாங்கிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற வூ லியென் தே ஆகியோர் இத்திட்டத்தின் புகழ்பெற்ற பயனாளர்கள் ஆவர். மஞ்சூரியாவில் 1910, 1911-ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளை நோயைக் கட்டுப்படுத்தியவர் என்ற வகையில் வூ லியென் தேயின் பெயர் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இடையில் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்ட இத்திட்டம் 1920-களில் மீண்டும் உயிர்பெற்றது.

இத்திட்டத்தின் வாயில் எது என்பதே இங்கு நாம் கருதவேண்டியது. ஆங்கிலவழித் தேர்வில் முதன்மை பெறுவதே அதற்குரிய தகுதி. அத்தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்திய பள்ளிகள் நகரங்களில் இருந்தன. பினாங்கு பிரீ ஸ்கூல் 1816-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர் இராபிள்ஸ் கல்விக்கழகம் 1823-ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இவற்றில் பயிலக் கட்டணம் செலுத்த வேண்டும். நகரத்திலோ அதன் அருகிலோ வாழவும் வேண்டும்.

தமிழர்களுள் பெரும்பான்மையோர் வாழ்ந்த இடமோ தோட்டப்புறம். மலாய்க் கூட்டரசின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட நிருவாகங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வழிவகுத்தன. இவ்வாறு தோன்றிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. அதற்கு மேல் செல்லத் தமிழ்வழியில் இடைநிலைப்பள்ளி இல்லை. ஆங்கிலப்பள்ளிக்கு மாறுவதற்கு ஒழுங்கான வழியும் இல்லை. ஆகவே, அரசியார் உபகாரச் சம்பளம் எல்லா இனத்தார்க்கும் பொதுவானதாக எழுத்தில் இருந்தபோதிலும், தோட்டப்பள்ளியில் பயின்ற ஒரு பிள்ளை அதன் தேர்வு மண்டபத்தை அடைவதற்குரிய பாதையே இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தெளிவு தரும். யாழ்ப்பாணத்திலிருந்து அரசுப் பணிகளுக்கும் இருப்புப்பாதைப் பணிகளுக்கும் எழுத்தர்களாக வந்தோரின் பிள்ளைகள் நகரங்களில் வாழ்ந்து ஆங்கிலப்பள்ளிகளில் கற்றனர். அக்குடும்பங்களிலிருந்து மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தோன்றினர். அவர்களும் தமிழர்களே, வீட்டில் தமிழே பேசினர். தோட்டத்துப் பிள்ளைக்கும் எழுத்தரின் பிள்ளைக்கும் தாய்மொழி ஒன்றாக இருக்க, கல்வியின் முடிவு மட்டும் வேறாக அமைந்தது. இவ்வேறுபாட்டைத் தமிழின்மேல் சுமத்துவது வரலாற்றுக்கு முரணானதாகும். பள்ளி இருந்த இடம், குடும்பத்தின் வருவாய், தேர்வின் மொழி ஆகிய மூன்றுமே இங்குத் தீர்மானிக்கும் காரணிகளாக இருந்தன.

உள்நாட்டிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1905-ஆம் ஆண்டு 23 மாணவர்களுடன் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்ற நிறுவனமும், 1928-ஆம் ஆண்டு வகுப்புகளைத் தொடங்கிய இராபிள்ஸ் கல்லூரியும் ஆங்கிலவழி நிறுவனங்களே. இவ்விரண்டும் இணைந்து 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

கிர்க்பி காட்டும் பாடம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலாயாவுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருந்தொகையில் தேவைப்பட்டனர். உள்நாட்டில் போதிய பயிற்சிக் கல்லூரிகள் இன்மையால், இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகிலுள்ள கிர்க்பியில் மலாய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று அமைக்கப்பட்டது. போர்க்காலத் தளவாடத் தொழிற்சாலையின் பணியாளர்கள் தங்கியிருந்த விடுதிக் கட்டடங்களே கல்லூரி ஆயின. 1950-களின் தொடக்கம் முதல் 1962-ஆம் ஆண்டுவரை அது இயங்கிற்று. வுல்வர்ஹாம்டனுக்கு அருகில் பிரின்ஸ்போர்ட் லாட்ஜ் என்னும் இடத்தில் அமைந்த மற்றொரு கல்லூரி 1964-ஆம் ஆண்டுவரை இயங்கிற்று.

கிர்க்பி, வெளிநாட்டுக் கல்வி வரலாற்றில் தனித்தன்மை உடையது. வெளிநாட்டில் கற்றவர்கள் பெரும்பாலும் அந்நாட்டு மாணவரிடையே ஒருவராகவோ இருவராகவோ கலந்து வாழ்ந்தனர். கிர்க்பியிலோ மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்து இளைஞரும் ஒரே விடுதியில் ஈராண்டுகள் கூடி வாழ்ந்தனர். தத்தம் நாட்டில் தனித்தனிப் பள்ளிகளிலும் தனித்தனிக் குடியிருப்புகளிலும் வளர்ந்தவர்கள், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். நாடகம், இசை, விளையாட்டு, பெருநாள் கொண்டாட்டங்கள் ஆகியவை அவ்வளாக வாழ்வின் பகுதிகளாயின. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், இலண்டன் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த துங்கு அப்துல் ரஹ்மான், மலாயா 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் விடுதலை பெறும் என்னும் செய்தியைக் கிர்க்பி மாணவரிடையே அறிவித்த நிகழ்வு நாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. நாட்டின் விடுதலை நாள் அயல்நாட்டுக் கல்லூரி வளாகம் ஒன்றில் மாணவர்முன் கூறப்பட்டது என்பது, வெளிநாட்டுக் கல்வியும் வளாக வாழ்வும் நாட்டு வரலாறும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைக் காட்டுகின்றது.

ஆயினும், இங்கும் அதே பழைய வாயிலே நின்றது. கிர்க்பிக்குச் செல்ல ஆங்கிலக் கல்வித் தகுதி வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் கற்பித்த ஆசிரியர்களோ தத்தம் பள்ளி வேலையைப் பார்த்துக்கொண்டே உள்ளூரில் நடைபெற்ற பகுதிநேரப் பயிற்சி வகுப்புகளில் தேறியவர்கள். மலாய்ப் பள்ளி ஆசிரியர்க்காக 1922-ஆம் ஆண்டு தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரீஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்ததைப் போன்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கென விடுதியுடன் கூடிய கல்லூரி ஒன்று குடியேற்ற ஆட்சிக்காலத்தில் தோன்றவில்லை. கூடி வாழ்ந்து கற்கும் வளாக வாழ்வு ஓர் ஆசிரியரின் பார்வையை எவ்வளவு விரிக்கும் என்பதைக் கிர்க்பி மெய்ப்பித்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இழந்தது சான்றிதழ் மட்டுமன்று; அத்தகைய வாழ்வையும் ஆகும். இந்த இழப்பு அக்காலத் தமிழ்ப்பள்ளி மாணவரின் எதிர்பார்ப்புகளையும் பாதித்திருக்கும் என்று கொள்வது பொருத்தமுடையது. தாம் காணாத உலகத்தை மாணவர்க்குக் காட்டுதல் எந்த ஆசிரியர்க்கும் எளிதன்று.

மக்கள் தந்த நிதியும் இந்திய ஆய்வியல் துறையும்

தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை அடைய இயலாதிருந்த அக்காலத்திலேயே, தோட்டத்து மக்கள் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டினர் என்பது வியப்புக்குரிய உண்மையாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கல்விக்கென ஒரு துறை அமையவேண்டும் என்ற கருத்து 1950-களில் எழுந்தபோது, அத்துறையில் முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்ற விவாதமும் உடன் எழுந்தது. இந்நாட்டு இந்தியர்களுள் மிகப் பெரும்பான்மையோர் தமிழர் என்பதனால் தமிழே அடிப்படையாக வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். 1935-ஆம் ஆண்டு தோன்றிய அந்நாளிதழ் இதற்கு மேடையாயிற்று. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் ஆசிரியர்களும் சிறுசிறு தொகைகளாக வழங்கிய அந்நிதி, பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் சேர்க்கப் பயன்பட்டது.

1956-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் 1959-ஆம் ஆண்டு இரு பிரிவுகளானபோது துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1962-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் தனித்தனி நிறுவனங்களாயின.

இந்நிதிக்கும் நம் பொருளுக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் ஆய்வுக்கு வேண்டிய நூல்களைத் தேடிச் சென்னைக்கோ இலண்டனுக்கோ கப்பலேற வசதி படைத்தோர் சிலர். அந்நூல்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தால் பலரும் பயன் பெறுவர். கடல் கடந்து செல்ல இயலாத ஒரு சமூகம், கடலுக்கு அப்பாலிருந்த அறிவைத் தன் நாட்டுக்கு வரவழைத்த முயற்சியாகவே 'தமிழ் எங்கள் உயிர்' நிதியை நாம் மதிப்பிடுகிறோம். தாம் பயன்படுத்த வாய்ப்பில்லாத ஒரு நூலகத்துக்காகத் தம் உழைப்பின் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தந்தவர்களின் கொடை அது. அதன் பயனை நுகரும் துறைகளுக்கும் மாணவர்க்கும் இதனால் ஒரு கடப்பாடு உண்டு.

1966: மாநாடும் அகராதியும்

வெளிநாட்டுக் கல்வியும் வளாக நிகழ்வும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்குத் தனிநாயகம் அடிகளாரின் பணி தலைசிறந்த சான்றாகும். 1913-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அடிகளார், உரோமையில் இறையியல் பயின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். இலண்டனில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1952-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். 1961-ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். மூன்று நாடுகளில் கற்ற கல்வியும் பல ஐரோப்பிய மொழிகளின் அறிவும் அவருடன் இத்துறைக்குள் வந்தன.

அவற்றின் விளைவாகத் தோன்றியவற்றுள் ஒன்று சிறப்பாகச் சுட்டத்தக்கது. அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசியத் துறவி தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, 1679-ஆம் ஆண்டு கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. அச்சேறிய தமிழ் அகராதிகளுள் மிகத் தொன்மையான இந்நூலின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் இதனை வெளியீட்டுக்கு ஆயத்தம் செய்தார். 1966-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாக அதன் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது. கேரளத்தில் அச்சாகி உரோமையில் காக்கப்பட்ட ஒரு தமிழ் நூல், மூன்று நூற்றாண்டு நெருங்கிய நிலையில் மலேசியத் தலைநகரில் மறுபிறப்பெடுத்தது. அயல்மொழியும் அயல்நாட்டு நூலகப் பழக்கமும் இல்லாத ஒருவரால் இது நிகழ்ந்திருக்க இயலாது. துறை ஒன்றும் அதன் வெளியீட்டு வசதியும் இல்லையெனின் அவ்வறிவு உலகுக்குப் பயன்பட்டிருக்கவும் இயலாது.

அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1964-ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியபோது, தனிநாயகம் அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியமும் முன்னின்று உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினர். அம்மன்றத்தின் முதல் மாநாட்டைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நடத்தாமல், பத்தாண்டு அகவை மட்டுமே கொண்ட ஒரு துறை அமைந்த நகரில் நடத்தியமை எண்ணத்தக்கது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்த அம்மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பேராளர்கள் கலந்துகொண்டனர். அதன் கட்டுரைகள் இரு தொகுதிகளாகப் பின்னர் வெளியிடப்பட்டன. அவ்வாண்டே அடிகளாரின் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியலும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிவந்தது.

மாநாடு என்பது சில நாள் கூட்டமாக மட்டும் முடிந்துவிடவில்லை. மாநாடுகள் சென்னை (1968), பாரிசு (1970), யாழ்ப்பாணம் (1974) எனத் தொடர்ந்தன. 1987-இல் ஆறாவது மாநாடும், 2015-இல் ஒன்பதாவது மாநாடும், 2023-இல் பதினொன்றாவது மாநாடும் மீண்டும் கோலாலம்பூரிலேயே கூடின. துறையைச் சூழ்ந்து உள்நாட்டு ஆய்வும் வளர்ந்தது. 1969-ஆம் ஆண்டு இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியல், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் முதன்முதலாக ஒழுங்குபடப் பதிவு செய்தது. வந்து சென்ற அறிஞர்களைக் கண்டதோடு நில்லாமல், தம் நாட்டில் என்ன உள்ளது என்பதை உலகுக்குக் காட்டும் பணியையும் அத்தலைமுறை மேற்கொண்டது.

வாயில்கள் மாறிய காலம்

1970-ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிலைமை வேறு வகையில் மாறியது. புதிய பொருளாதாரக் கொள்கையின்கீழ் மலேசியப் பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கை முறை மாற்றமுற்றது. இடம் கிடைக்காத இந்திய மாணவர்களுள் பொருள் வசதியுள்ளோர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளை நாடினர். 1951-ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் வழி முன்னரே பலர் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சென்றிருந்தனர். சென்னை, அண்ணாமலை முதலிய பல்கலைக்கழகங்களும், 1950-ஆம் ஆண்டு தோன்றிய இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தின் உதவிநிதிகளும் இந்தியக் கல்விக்கு வழியாயின. ஆக, வெளிநாட்டுக் கல்வி சிறப்புத் தகுதியின் அடையாளமாக மட்டும் அமைந்த நிலை மாறி, உள்நாட்டில் இடம் கிட்டாதவரின் மாற்றுவழியாகவும் ஆயிற்று.

மாற்றுவழியும் எளிதாக இல்லை. 1979-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவுக் கட்டணம் பெற முடிவு செய்தது. அடுத்த கல்வியாண்டில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கு மிகுதியாகப் பயின்ற வெளிநாட்டு மாணவருள் மலேசியர் முன்னணியில் இருந்தமையால் இச்சுமை மலேசியக் குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது. 1981-ஆம் ஆண்டு மலேசிய அரசு பிரிட்டிஷ் பொருள்களை இறுதியாகவே வாங்கும் கொள்கையை அறிவித்தமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. 1997-ஆம் ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தபோது மற்றொரு தடை எழுந்தது. 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்தைத் தொடர்ந்து மோனாஷ் (1998), நாட்டிங்காம் (2000) முதலிய பல்கலைக்கழகங்களின் கிளை வளாகங்கள் மலேசியாவிலேயே தோன்றின. வெளிநாட்டுப் பட்டம் உள்நாட்டிலேயே கிட்டியது. ஆயின், வேற்று நாட்டில் வாழ்ந்து பெறும் பட்டறிவை அப்பட்டம் தன்னுடன் கொண்டு வரவில்லை.

இவை அனைத்திலும் ஒரு பொதுப்போக்கைக் காணலாம். பழைய காலத்தில் தேர்வின் மொழி வாயிலாக நின்றது; பின்னர்ப் பணம் வாயிலாக நின்றது. இரண்டு காலத்திலும் தோட்டப்புறக் குடும்பமே வாயிலுக்கு வெளியே மிகுதியாக நின்றது.

மாணவர் அமைப்புகளின் பங்கு

வளாக நடவடிக்கைகளின் வரலாற்றிலும் 1970-கள் ஒரு திருப்பமாகும். 1953-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய பல்கலைக்கழகச் சோசலிசக் கழகமும், அதன் 'பஜார்' இதழின் பேரில் 1954-ஆம் ஆண்டு மாணவர் எண்மர்மீது தொடரப்பட்டுத் தள்ளுபடியான வழக்கும், அக்கால வளாகங்களில் அரசியல் உணர்வு எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதைக் காட்டும். மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டமும் அதன் 1975-ஆம் ஆண்டுத் திருத்தமும் மாணவர் அமைப்புகளின் உரிமைகளைக் குறுக்கின. சிங்கப்பூரிலும் 1975-ஆம் ஆண்டு மாணவர் சங்க அமைப்பு சட்டத்தால் மாற்றியமைக்கப்பட்டது. மலேசியச் சட்டம் 2012-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டின் இறுதியிலும் தளர்த்தப்பட்டது.

அரசியல் களம் சுருங்கிய இக்காலப்பகுதியில் மொழி, பண்பாட்டு அமைப்புகளே இந்திய மாணவர்களின் முதன்மைக் களமாயின. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை, 1980-களின் இடைப்பகுதி முதல் சிறுகதைப் போட்டி நடத்திப் பரிசு பெற்ற கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்னும் தொகுப்புகளாக வெளியிட்டு வந்தது. மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் வகுக்கப்பட்டமையால், பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த எழுத்தாளர்களும் வளாகத்தோடு உறவு கொண்டனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் 'சங்கே முழங்கு' மேடை நிகழ்ச்சியும் அவ்வாறே மாணவரையும் சமூகத்தையும் இணைத்தது. இத்தகைய நிகழ்ச்சிகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும் உளர். ஓர் அரங்கை ஏற்பாடு செய்தல், நிதி திரட்டல், நடுவர்களை அணுகுதல், நூல் பதிப்பித்தல் ஆகிய திறன்களை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. இத்திறன்கள் வெளிநாட்டு உதவிநிதிக்கு விண்ணப்பிக்கும் மாணவரைத் தனித்துக் காட்டும் என்பதை ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் நலம்.

குறை ஒன்றும் உண்டு. மலர்கள், அழைப்பிதழ்கள், கூட்டக் குறிப்புகள் முதலியவை முறையாகச் சேமிக்கப்படாமையால், மாணவர் அமைப்புகளின் வரலாறு பெரும்பாலும் முன்னாள் மாணவர்களின் நினைவில் மட்டுமே வாழ்கின்றது. பிறர் நூல்களைப் பட்டியலிட்டுக் காத்த ஒரு துறை மரபில் வந்தோர், தம் வளாகத்தின் ஆவணங்களைக் கைவிடுதல் முறையன்று.

இன்று செய்யத்தக்கன

இன்றைய வாய்ப்புகள் முன்னைய தலைமுறைக்கு வாய்க்காதவை. 1995-ஆம் ஆண்டு தோன்றிய ஆசியான் பல்கலைக்கழக வலையமைப்பும், 2010-ஆம் ஆண்டு மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளிடையே முன்னோடி முயற்சியாகத் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டமும் ஒரு பருவம் அயல்நாட்டில் பயின்று அதற்குரிய பாடமதிப்பைப் பெற வழிவகுத்துள்ளன. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்கள் பேணிவரும் ஓலைச்சுவடித் தொகுப்புகளும், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களும் மலேசியத் தமிழர் வரலாற்றை ஆய்வோர்க்கு இன்றியமையாதன. தென்கிழக்காசியக் கல்வெட்டுகளையும் கோயில்களையும் ஆய விரும்புவோர்க்குச் சுமத்திராவும் தாய்லாந்தும் அண்டை நாடுகளே. இந்திய ஆய்வியல் மாணவர்க்கு வெளிநாட்டில் கற்க ஏதுமில்லை என்னும் கருத்து இவற்றால் அடிபடுகின்றது.

வரலாற்றிலிருந்து பெறும் படிப்பினைகளின் அடிப்படையில் நான்கினைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, பரிமாற்றத் திட்டங்கள் பற்றிய விளக்கம் முதலாமாண்டிலேயே தமிழ் மாணவர்க்குத் துறையாலேயே அளிக்கப்படல் வேண்டும். பொது அறிவிப்புப் பலகையை மட்டும் நம்புதல் போதாது. இரண்டாவது, வெளியே சென்று திரும்பும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தமிழில் ஒரு கருத்தரங்க உரையாகவும் கட்டுரையாகவும் அளிக்கும் வழக்கம் ஏற்படுதல் நலம். மூன்றாவது, ஆங்கிலத்தோடு ஜாவி எழுத்து, போர்த்துக்கீசியம், டச்சு முதலியவற்றுள் ஒன்றையேனும் கற்க ஆய்வு மாணவரை ஊக்குவித்தல் வேண்டும். நான்காவது, பயணச்செலவே தடையாக நிற்கும் மாணவர்க்கு முன்னாள் மாணவரும் சமூக அமைப்புகளும் இணைந்து சிறு பயண நிதி ஒன்றை நிறுவலாம். சிறுசிறு தொகைகளால் ஒரு நூலகத்தை நிரப்பிய சமூகத்துக்கு இது இயலாத செயலன்று.

முடிவுரை

அரசியார் உபகாரச் சம்பளம் முதல் இன்றைய பரிமாற்றத் திட்டங்கள்வரை நாம் நோக்கிய வரலாறு, தமிழ் மாணவர்க்கு அடைபட்டிருந்த வாயில்கள் யாவை என்பதையும், அவற்றைத் திறக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை என்பதையும் ஒருவாறு காட்டுகின்றது. வாயிலை அடைத்தவை பள்ளி அமைப்பும் பொருள் நிலையும் ஆகும். தமிழோ, தனிநாயகம் அடிகளார் வாழ்க்கையில் உரோமைக்கும் இலண்டனுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பாலமாக நின்றது.

தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றைத் தம் மாணவர்க்கு எடுத்துக் கூறுவார்களாயின், தமிழைத் தேர்ந்தெடுப்பது உலகைத் துறப்பதாகும் என்னும் அச்சம் தேய்ந்து மறையும். பல்கலைக்கழகத் துறைகளும் வெளியே செல்லும் மாணவரை வழியனுப்புவதோடு தம் கடமை முடிந்ததாகக் கொள்ளாமல், அவர்கள் கொண்டுவரும் கல்விக்கு வளாகத்தில் ஓர் அரங்கும் ஓர் ஏடும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். அவ்வாறு செய்யும்போதே, துறையின் நூலகத்துக்குத் தம் ஊதியத்தில் பங்களித்த தொழிலாளர் தலைமுறைக்கு நாம் கடன் தீர்த்தவர்களாவோம்.